வீட்டு வீடியோவுக்கு எந்த எடிட்டிங் சாஃப்ட்வேர்? முதல்ல ஒரு நிமிஷப் பரீட்சை

[எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.]

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். ஏதாவது ஒரு வடிவத்துல அடிக்கடி வந்துக்கிட்டே இருக்கிற கேள்வி: "வீட்டுல எடுத்த வீடியோவை எல்லாம் சேர்த்து ஒரு படமா பண்ணணும். எனக்கு எடிட்டிங் சுத்தமா தெரியாது. எந்த சாஃப்ட்வேர் நல்லது?"

வழக்கமா ஒரு பேரைச் சொல்லி மெயில்லயே பதில் போட்டுடுவேன். இந்தத் தடவை வந்த கடிதத்துக்கு அப்படி ஒரு வரியில பதில் சொல்ல மனசு வரலை. அதனால் தனி எபிசோடா பேசிடலாம்னு நினைச்சேன்.

எழுதினவங்க பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. போன வருஷம் அவங்க அப்பா தவறிட்டார். இன்னும் ஆறு வாரத்துல முதலாம் ஆண்டு நினைவு நாள். சொந்தக்காரங்க எல்லாரும் வீட்டுக்கு வருவாங்க. அன்னைக்கு ஹால்ல இருக்கிற டிவியில போட்டுக் காட்ட பத்து நிமிஷப் படம் ஒண்ணு வேணும். கையில என்ன இருக்குன்னா, அவங்க ஃபோன், அண்ணன் ஃபோன், குடும்ப வாட்ஸ்அப் குரூப் எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 200 துண்டு வீடியோ. அப்பா அம்மா கல்யாண கேசட்டை ஒரு ஸ்டுடியோவுல கொடுத்து மாத்தி வாங்கின மூணு மணி நேர ஃபைல் ஒண்ணு. அப்புறம் பழைய ஃபோட்டோ கொஞ்சம். கம்ப்யூட்டர், ஏழு வருஷப் பழசான விண்டோஸ் லேப்டாப். 8 ஜிபி ரேம்.

கடைசியில இப்படி எழுதியிருக்காங்க: "டாப் 10 எடிட்டிங் சாஃப்ட்வேர்னு எட்டு வீடியோ பார்த்துட்டேன். ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. ரெண்டை இன்ஸ்டால் பண்ணேன், திறந்து பார்த்தேன், மூடிட்டேன்."

இந்தக் கடைசி வரி நிறையப் பேருக்குப் பொருந்தும். ஃபோன் நிறைய வீடியோ இருக்கும். காதுகுத்து, சீமந்தம், பொங்கல், தாத்தா பேரனுக்குச் சைக்கிள் கத்துக்கொடுத்தது எல்லாம் இருக்கும். ஒண்ணையும் யாரும் திரும்பப் பார்க்கிறதில்லை. ஏன்னா அது துண்டு துண்டா, மூணு ஃபோன்ல, நானூறு குட்மார்னிங் வீடியோவுக்கு நடுவுல கிடக்கு.

வீட்டுப் படத்துக்கு என்ன வேணும்?

டாப் 10 பட்டியல் ஏன் உதவ மாட்டேங்குது? அந்தப் பட்டியல் எல்லாம் வசதிகளை எண்ணுது. இதுல எத்தனை எஃபெக்ட், அதுல எத்தனை டிரான்சிஷன், பச்சைத் திரை வருமா, ஏஐ இருக்கான்னு. யூடியூப் சேனல் நடத்துறவங்களுக்கு அது தேவைப்படலாம். வீட்டுப் படத்துக்கு வேண்டியது அஞ்சே அஞ்சு வேலை. வேண்டாத முன்பகுதியையும் பின்பகுதியையும் வெட்டணும். துண்டுகளை வரிசையா அடுக்கணும். நடுவுல ஃபோட்டோ வைக்கணும். தமிழ்ல ரெண்டு வரி எழுதணும். சத்தத்தை ஏத்தி இறக்கணும். அவ்வளவுதான்.

இந்த அஞ்சும் செய்யாத எடிட்டிங் சாஃப்ட்வேரே இன்னைக்குக் கிடையாது. அப்படின்னா வசதியை வெச்சுத் தேர்ந்தெடுக்கிறதுல அர்த்தமே இல்லை. நான் வேற ஒரு அளவுகோல் வெச்சிருக்கேன். அந்த சாஃப்ட்வேருக்குள்ள போறது எவ்வளவு சுலபம்னு பார்க்காதீங்க. முடிஞ்ச படத்தை வெளிய எடுக்கிறது எவ்வளவு சுலபம்னு பாருங்க.

ஏன்னா ஆரம்பக்காரங்க மாட்டிக்கிற இடம் பெரும்பாலும் கடைசிப் படிதான். மூணு வாரம் உட்கார்ந்து வேலை பார்த்து, நினைவு நாளுக்கு முந்தின ராத்திரி 'எக்ஸ்போர்ட்' பட்டனை அமுக்குவாங்க. அப்பதான் தெரியும், படம் நடுவுல கம்பெனி பேர் பெரிசா விழுதுன்னு. இல்லைன்னா, காசு கட்டினாத்தான் வெளிய வரும்னு. இல்லைன்னா, கம்ப்யூட்டர் பாதியில நின்னுபோகுது. இல்லைன்னா, எல்லாம் நல்லபடியா வந்து பென்டிரைவ்ல போட்டா டிவி எடுக்க மாட்டேங்குது.

ஒரு நிமிஷப் பரீட்சை

அதனால் நான் சொல்ற முதல் வேலை இது. எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் சரி, உங்க நிஜப் படத்தை அதுல ஆரம்பிக்காதீங்க. முதல்ல ஒரு நிமிஷப் படம் ஒண்ணு பண்ணுங்க. ஒரு சாயங்காலம் போதும்.

அதுல என்னென்ன இருக்கணும்? ஃபோனைப் படுக்கவெச்சு எடுத்த வீடியோ ஒண்ணு. நிக்கவெச்சு எடுத்த வீடியோ ஒண்ணு. கேசட்ல இருந்து வந்ததுல ஒரு துண்டு. ஒரு ஃபோட்டோ. தமிழ்ல ஒரு தலைப்பு. பின்னணியில கொஞ்சம் இசை. ஒரு இடத்துல யாராவது பேசுறது. இதை எக்ஸ்போர்ட் பண்ணி, பென்டிரைவ்ல போட்டு, எந்த டிவியில காட்டப்போறீங்களோ அதே டிவியில செருகிப் பாருங்க.

அந்த ஒரு நிமிஷத்துல ஆறு விஷயம் தெரிஞ்சுடும். ஒவ்வொண்ணா சொல்றேன்.

முதல் விஷயம் வாட்டர்மார்க். இலவசம்னு சொல்லி உள்ள விட்டுட்டு வெளிய வரும்போது முத்திரை குத்துதா, இல்லையா? சில சாஃப்ட்வேர்ல நீங்க தொட்ட ஒரே ஒரு ஸ்டிக்கர் காசு உள்ளதா இருக்கும், அதனாலயே முழுப் படத்துக்கும் பணம் கேட்கும். எக்ஸ்போர்ட் பண்ணாமல் இது தெரியவே தெரியாது.

ரெண்டாவது, தமிழ் எழுத்து. தலைப்புக்கு 'பெரியப்பா', 'கொள்ளுப்பேரன்' மாதிரி கொம்பு இருக்கிற வார்த்தையா போட்டுப் பாருங்க. கம்ப்யூட்டர் உள்ளுக்குள்ள 'பெ'யைச் சேமிக்கும்போது முதல்ல 'ப', அப்புறம்தான் கொம்பு. திரையில காட்டும்போது சாஃப்ட்வேர்தான் கொம்பைத் தூக்கி இடப்பக்கம் வைக்கணும். அது தெரியாத சாஃப்ட்வேர்ல கொம்பு எழுத்துக்குப் பின்னாடி தனியா நிக்கும். சிலதுல புள்ளி வட்டத்தோட நிக்கும். வெறும் 'அப்பா'ன்னு மட்டும் போட்டுப் பார்த்தால் இது தெரியாது, ஏன்னா அதுல கொம்பே இல்லை. எழுத்து உடைஞ்சா அதுக்காக சாஃப்ட்வேரையே தூக்கிப்போட வேண்டாம். தலைப்பைப் பவர்பாயின்ட்லயோ லிப்ரே ஆபீஸ்லயோ ஒரு ஸ்லைடா பண்ணி, அதைப் படமாச் சேமிச்சு, ஃபோட்டோ மாதிரி உள்ள வெச்சுக்கலாம். ஆனால் அது முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

மூணாவது, படத்தோட வடிவம். டிவி அகலமானது, 16க்கு 9. நிக்கவெச்சு எடுத்த வீடியோவை அதுல போட்டால் ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்கும். இல்லைன்னா சாஃப்ட்வேர் தானாவே தலையையும் காலையும் வெட்டி நிரப்பிடும். கறுப்பு இருந்தால் ஒண்ணும் குத்தமில்லை, தலை போகக்கூடாது. கல்யாண கேசட் 4க்கு 3. அதை இழுத்து டிவி முழுக்க நிரப்பினீங்கன்னா மாப்பிள்ளை, பொண்ணு, ஐயர் எல்லாரும் குண்டாயிடுவாங்க. இழுக்காமல் அப்படியே வைக்கிற வழி எங்க இருக்குன்னு பரீட்சையிலயே கண்டுபிடிச்சுடுங்க.

நாலாவது, வாயும் குரலும். ஃபோன் வீடியோவுல ஒரு நொடிக்கு இத்தனை படம்னு ஒரே கணக்கு இருக்காது. வெளிச்சம் குறைஞ்சா ஃபோனே படங்களோட எண்ணிக்கையைக் குறைச்சுக்கும். சில எடிட்டிங் சாஃப்ட்வேர் இந்த ஏத்த இறக்கத்தைச் சரியாக் கையாளாது. ஆரம்பத்துல சரியா இருக்கும். போகப் போக வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். அதனால் பேச்சு இருக்கிற துண்டை மட்டும் கொஞ்சம் நீளமா வெச்சுப் பாருங்க. இப்படி ஆச்சுன்னா ஹேண்ட்பிரேக்னு ஒரு இலவசக் கருவி இருக்கு. அதுல 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்'னு தேர்ந்தெடுத்து அந்த வீடியோவை ஒருமுறை மாத்திட்டு, அதுக்கப்புறம் எடிட்டிங்குக்குக் கொண்டுபோங்க.

அஞ்சாவது, உங்க கம்ப்யூட்டர் தாங்குதா? இழுத்து வைக்கும்போது திக்குதா? ஒரு நிமிஷத்தை எக்ஸ்போர்ட் பண்ண எத்தனை நிமிஷம் ஆகுது? அதைப் பத்தால பெருக்குங்க. அதுதான் உங்க பத்து நிமிஷப் படத்துக்கு ஆகப்போற நேரம், ஏறக்குறைய.

ஆறாவது, டிவி. ஹெச்.264ங்கிற முறையில எம்பி4 ஃபைலா எடுத்தீங்கன்னா கிட்டத்தட்ட எல்லா டிவியும் ஓட்டும். ஹெச்.265 புதுசு, கம்மி இடம் எடுக்கும். ஆனால் பழைய டிவி பலதும் அதை ஓட்டாது. பென்டிரைவ் ஃபேட்32 முறையில ஃபார்மேட் ஆகியிருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. பயப்பட வேண்டாம், 1080பி தரத்துல, நொடிக்கு 12 மெகாபிட் அளவுல எடுத்தால் பத்து நிமிஷப் படம் சுமார் 900 எம்பிதான் வரும்.

இந்த ஆறும் தேறினால் அதுதான் உங்க சாஃப்ட்வேர். பட்டியல்ல அது எத்தனாவது இடத்துல இருந்தால் என்ன?

எதையெல்லாம் பரீட்சைக்கு உட்கார வைக்கலாம்?

எல்லாத்தையும் போட்டுப் பார்க்க நேரம் கிடையாது. அதனால் கையில இருக்கிற மெஷினை வெச்சு ஒண்ணு ரெண்டு பேர் மட்டும் சொல்றேன்.

ஐஃபோன் அல்லது மேக் இருக்கிறவங்க ஐமூவியில இருந்து ஆரம்பிங்க. 1999ல இருந்து இருக்கு, இப்ப இலவசம், வாட்டர்மார்க் கிடையாது. ஃபோன்ல ஆரம்பிச்ச வேலையை மேக்குக்கு மாத்திக்கலாம். இசைக்கு மேல யாராவது பேசும்போது இசையைத் தானாத் தழைச்சுக்கிற வசதி மேக்ல இருக்கு, அது ரொம்ப உபயோகம். படம் அகலவாக்குலதான் வரும், நெட்டுக்குத்தா வராது. டிவிக்குன்னா அது ஒரு குறையே இல்லை.

விண்டோஸ் வெச்சிருக்கிறவங்களுக்கு முதல்ல கிளிப்சாம்ப். மைக்ரோசாஃப்ட் 2021ல வாங்கின நிறுவனம் அது. விண்டோஸ் 11ல பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். இலவசமா 1080பி வரைக்கும் வாட்டர்மார்க் இல்லாமல் எடுக்கலாம். 4கே வேணும்னா காசு. மைக்ரோசாஃப்ட் கணக்கு வேணும், வேலை பார்க்கும்போது இன்டர்நெட் இருக்கணும். இழுத்து வெச்சா ஒட்டிக்கும், அவ்வளவு எளிமை. உள்ள இருக்கிற படம், இசை, டெம்ப்ளேட்ல சிலது காசு உள்ளது, அதுல வைரம் மாதிரி ஒரு அடையாளம் இருக்கும். அதைத் தொடாதீங்க.

பழைய லேப்டாப், கரண்ட் போனா நெட்டும் போயிடும், யார்கிட்டயும் கணக்குத் திறக்க விருப்பமில்லைன்னா ஷாட்கட். இது கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். காசு, கணக்கு, வாட்டர்மார்க் எதுவும் கிடையாது. முதல் அரை மணி நேரம் கொஞ்சம் முழிக்க வைக்கும், அதை மறைக்க விரும்பலை. திறந்தவுடனே வெறுமையா இருக்கும், எங்க தொடங்குறதுன்னு தெரியாது. ஆனால் ரெண்டு நல்ல குணம் இருக்கு. முன்னாடி சொன்ன வாய், குரல் பிரச்சினை வரக்கூடிய ஃபைலை உள்ள போட்டால், "எடிட்டிங்குக்கு ஏத்த மாதிரி மாத்தட்டுமா?"ன்னு அதுவே கேட்கும். 'ப்ராக்ஸி'ன்னு ஒண்ணு இருக்கு. பெரிய வீடியோவுக்குப் பதிலா சின்ன நகல் ஒண்ணு செஞ்சு, வேலை எல்லாம் அந்த நகல்ல பார்க்க விட்டு, எக்ஸ்போர்ட் பண்ணும்போது மட்டும் அசலை எடுத்துக்கும். 8 ஜிபி ரேம் மெஷினுக்கு இது மூச்சு விடுற மாதிரி. கேடென்லைவ்லயும் இதே வசதி உண்டு.

டாவின்சி ரிசால்வ் பத்திக் கேட்காதவங்க இல்லை. சினிமாவுல கலர் பண்றதுக்குப் பேர் போனது. அதோட இலவச வடிவம் உண்மையிலயே தாராளமானது. ஆனால் முதல் படம் பண்றவங்களுக்கு, அதுவும் ஆறு வாரத்துல, அதுவும் 8 ஜிபி ரேம்ல, நான் சொல்ல மாட்டேன். சைக்கிள்ல கடைக்குப் போய்ட்டு வரணும்னு சொன்னவங்களுக்கு லாரி சாவியைக் கொடுக்கிற மாதிரி. லாரி நல்ல வண்டிதான்.

ஃபோன்லயே பண்ணலாமா? மொத்தமே இருபது துண்டு, எல்லாம் ஒரே ஃபோன்ல இருக்குன்னா தாராளமா பண்ணலாம். ஆண்ட்ராய்ட்ல கூகுளோட யூடியூப் கிரியேட் இலவசம், வாட்டர்மார்க் இல்லை. கைன்மாஸ்டர் நல்ல ஆப், இலவச வடிவத்துல முத்திரை விழும். 200 துண்டு, மூணு மணி நேர ஃபைல்னு வந்துட்டா ஃபோன் வேண்டாம். இடமும் பத்தாது, கண்ணும் வலிக்கும்.

கடைசியா, யாரும் பட்டியல்ல போடாத ஒண்ணு, லாஸ்லெஸ்கட். இது எடிட்டிங் சாஃப்ட்வேர்னு சொல்ல முடியாது, அரிவாள்மனைன்னு சொல்லலாம். வெட்டும், ஒட்டும், வேற ஒண்ணும் தெரியாது. ஆனால் வீடியோவைத் திரும்ப எழுதாமலே வெட்டும். அதனால் தரம் கொஞ்சமும் குறையாது, நேரமும் ஆகாது. மூணு மணி நேரக் கல்யாணத்துல தாலி கட்டுற நாலு நிமிஷத்தைத் தனியா எடுக்க சில நொடிதான். நினைச்ச நொடியில துல்லியமா வெட்டாது, சற்று முன்னே பின்னே நிக்கும். அதனால் கொஞ்சம் தாராளமா வெட்டி எடுத்துக்கிட்டு, நுணுக்கமான வெட்டை எடிட்டிங்ல வெச்சுக்கணும்.

கடிதம் எழுதின சகோதரிக்கு என் பதில் இதுதான். லாஸ்லெஸ்கட் முதல்ல. அப்புறம் கிளிப்சாம்ப்ல ஒரு நிமிஷப் பரீட்சை. அது திக்கினால் ஷாட்கட், ப்ராக்ஸியைப் போட்டுக்கிட்டு. மூணாவது ஒண்ணு தேட வேண்டாம்.

சாஃப்ட்வேர் போயிடும்

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, வீட்டுப் படத்துக்கு ஆயுசு ரொம்ப நீளம். அந்த வீட்டுக் குழந்தை கல்யாணம் பண்ணிக்கிற வரைக்கும் இருக்கணும். எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு அவ்வளவு ஆயுசு கிடையாது.

விண்டோஸ் மூவி மேக்கர் ஞாபகம் இருக்கா? நம்மள்ல பல பேர் முதல்முதலா எடிட்டிங் பண்ணினது அதுலதான். 2017 ஜனவரியில மைக்ரோசாஃப்ட் அதுக்கு ஆதரவை நிறுத்திடுச்சு. படத்தை வெளிய எடுக்காமல் வெறும் ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் சேமிச்சு வெச்சிருந்தவங்ககிட்ட இன்னைக்கு இருக்கிறது என்ன? எந்த சாஃப்ட்வேரும் நேராத் திறக்காத ஒரு சின்ன ஃபைல். 2020 ஜூன் 29ஆம் தேதி இந்தியா 59 சீன ஆப்களைத் தடை பண்ணினப்ப எல்லாரும் டிக்டாக் பத்தித்தான் பேசினாங்க. அதே பட்டியல்ல விவாவீடியோங்கிற எடிட்டிங் ஆப்பும் இருந்தது. 2025 ஜனவரியில அமெரிக்காவுல கேப்கட்டும் திடீர்னு நின்னுபோய், கொஞ்ச நாள் கழிச்சுத்தான் திரும்பி வந்தது. நான் அந்த அரசியலுக்குள்ள போகலை. ஒருநாள் காலையில ஆப் திறக்காதுங்கிறது நடக்கக்கூடிய விஷயம், அவ்வளவுதான் சொல்றேன்.

இதுல பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. ப்ராஜெக்ட் ஃபைலுக்குள்ள உங்க வீடியோவே பொதுவா கிடையாது. "இந்த ஃபோல்டர்ல இருக்கிற இந்த ஃபைல்ல 12ஆவது நொடியில இருந்து 20 வரைக்கும் எடு, அப்புறம் அடுத்தது"ன்னு எழுதின சமையல் குறிப்பு மாதிரிதான் அது. காய்கறி வெளியில இருக்கு. "ப்ராஜெக்ட்லதான் சேவ் ஆயிடுச்சே"ன்னு நினைச்சு ஃபோன்ல இருக்கிற அசலை அழிச்சீங்கன்னா, குறிப்பு மட்டும் இருக்கும், காய்கறி இருக்காது.

அதனால் மூணு விஷயம். படம் முடிஞ்ச அன்னைக்கே எம்பி4 ஃபைலா வெளிய எடுத்து ரெண்டு இடத்துல வைங்க. அசல் துண்டுகளை, படத்துல சேர்க்காத துண்டையும் சேர்த்து, ஒரு ஹார்ட்டிஸ்க்ல போட்டு வைங்க. ப்ராஜெக்ட் ஃபைலை நம்பாதீங்க.

ஆறு வாரத்தை எப்படிப் பிரிக்கலாம்?

இப்ப அந்தப் பத்து நிமிஷப் படத்துக்கு வர்றேன். பரீட்சை முடிஞ்சுது, சாஃப்ட்வேர் தேறிடுச்சுன்னு வெச்சுக்குவோம்.

முதல் ரெண்டு வாரம் எடிட்டிங்கைத் தொடவே வேண்டாம். சேகரிக்கிற வேலை மட்டும். அண்ணன்கிட்ட வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லாதீங்க. வீடியோவா அனுப்பினால் அது நசுக்கி, தரத்தைக் குறைச்சுத்தான் அனுப்பும். எடுத்த தேதியும் பெரும்பாலும் தொலைஞ்சுபோகும், அப்புறம் எது முன்னே எது பின்னேன்னு தெரியாது. நேர்ல போய் கேபிள் போட்டு எடுங்க. முடியலைன்னா 'டாக்குமென்ட்'டா அனுப்பச் சொல்லுங்க, 2 ஜிபி வரைக்கும் அப்படியே வரும். அண்ணன் ஃபோன் ஐஃபோன்னா இடத்தையும் கணக்குப் பாருங்க. 4கே-யில நொடிக்கு 30 படம்னு வெச்சு எடுத்திருந்தால், புது முறையிலயே ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 170 எம்பி. ஒரு மணி நேரம் சேர்ந்தா 10 ஜிபி.

ஃபோட்டோவுக்கு இன்னொரு யோசனை. சித்தி, அத்தை வீட்டு ஆல்பத்துல நீங்க பார்க்காத அப்பா இருப்பார். ஜன்னல் பக்கம் வெச்சு, ஃபிளாஷ் இல்லாமல், நேரா மேலே இருந்து படம் எடுத்துக்குங்க.

மூணாவது வாரம், உட்கார்ந்து பார்க்கணும். 200 துண்டையும். இந்த வேலைக்கு எந்த சாஃப்ட்வேரும் உதவாது. இது கஷ்டமான வாரம்னு எனக்குத் தெரியும். ஒரே நாள்ல பார்க்காதீங்க, தனியாவும் பார்க்காதீங்க. அண்ணனோ அம்மாவோ பக்கத்துல இருக்கட்டும். பார்க்கும்போதே மூணு ஃபோல்டர்: கண்டிப்பா வேணும், இருக்கலாம், இந்தப் படத்துக்கு வேண்டாம். 'அழிக்கலாம்'னு ஒரு ஃபோல்டர் வேண்டாம்.

அப்ப ஒண்ணு கவனிங்க. அப்பா கேமராவுல இல்லாமல், குரல் மட்டும் வர்ற துண்டுகள் இருக்கும். வீடியோ எடுத்ததே அவராத்தான் இருப்பார். "இங்க பாருடா", "கொஞ்சம் தள்ளி நில்லும்மா"ன்னு. திரையில அவர் இல்லைன்னு அதை ஒதுக்கிடாதீங்க. வீட்டு வீடியோவுல முகத்தை விடக் குரல்தான் சீக்கிரம் மறந்துபோறது. முகத்துக்கு ஃபோட்டோ இருக்கு.

நாலாவது, அஞ்சாவது வாரம் எடிட்டிங். பத்து நிமிஷத்துக்கு முப்பது, நாற்பது துண்டுக்கு மேல தேவைப்படாது. இசையைப் பத்தி ஒரு வேண்டுகோள். படம் முழுக்க சோகப் பாட்டைப் போட்டு மூடிடாதீங்க. கல்யாண வீடியோ பார்த்துப் பார்த்து நமக்கு அந்தப் பழக்கம் வந்துடுச்சு, முழுக்கப் பாட்டு ஓடும், ஒருத்தர் பேசுறதும் கேட்காது. ஃபோட்டோ வர்ற இடத்துல இசை இருக்கட்டும். அவர் பேசுற இடத்துல இசையை முழுசா நிறுத்துங்க. குக்கர் விசில், ஃபேன் சத்தம், யாரோ நடுவுல பேசுறது எல்லாம் இருந்தால் இருக்கட்டும், அதுதான் அந்த வீடு. சினிமாப் பாட்டைப் போட்டு யூடியூப்ல ஏத்தினால் காப்பிரைட் தொல்லை வரும்ங்கிறது தனி.

இன்னொண்ணு, ஒரே ஒரு துண்டை வெட்டாமல் விடுங்க. ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம், அவர் ஏதோ ஒரு கதையைச் சொல்றதோ, பேரனோட விளையாடுறதோ. எடிட்டிங் கத்துக்கிட்டவுடனே கை பரபரக்கும், எல்லாத்தையும் அஞ்சு நொடியா நறுக்கத் தோணும். அந்த ஒண்ணை மட்டும் முழுசா ஓட விடுங்க. வந்தவங்க கூட உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருக்கும்.

டிரான்சிஷன் பத்திக் கேட்டிருந்தீங்க. புத்தகம் புரள்றது, இதயம் விரியறது எல்லாம் வேண்டாம். நேரா வெட்டுங்க. காலம் மாறுற இடத்துல மட்டும், உதாரணமா கல்யாண கேசட்ல இருந்து இன்றைக்கு வர்ற இடத்துல, மெதுவா இருட்டி மெதுவா வெளிச்சம் வரட்டும்.

ஆறாவது வாரத்துக்கு எந்த வேலையும் வைக்காதீங்க. எக்ஸ்போர்ட் பண்ணி, டிவியில ஒருமுறை முழுசாப் பார்த்து, பேர்ல எழுத்துப்பிழை இருக்கான்னு அம்மாகிட்டக் காட்டித் திருத்துறதுக்கு அந்த வாரம். நினைவு நாள் அன்னைக்கு நீங்க லேப்டாப் பக்கத்துல இருக்கக் கூடாது, வந்தவங்க பக்கத்துல இருக்கணும்.

இன்னும் எதையும் இழக்காதவங்களுக்கும் இதுல ஒரு வேலை இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை உங்க ஃபோன்ல இருந்து ஏழெட்டுத் துண்டை எடுத்து அந்த ஒரு நிமிஷப் பரீட்சையைப் பண்ணிப் பாருங்க. வீட்டுல பெரியவங்க இருந்தால் அவங்களையும் டிவி முன்னாடி உட்கார வைங்க. பார்த்துட்டு அவங்க சொல்ற கதையை ஃபோன்ல பதிவு பண்ணிக்குங்க. அடுத்த படத்துக்கு அதுதான் முதல் துண்டு.

பரீட்சையில எது தேறிச்சு, எது தேறலைன்னு எழுதுங்க. முக்கியமா உங்க 'பெரியப்பா'வுக்குக் கொம்பு சரியா வந்துதான்னு சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல, கேசட்டையும் பழைய கேம்கார்டர் டேப்பையும் வீட்டுலயே கம்ப்யூட்டருக்கு மாத்துறது எப்படின்னு பேசுவோம். அதுவரைக்கும் வணக்கம்.